மருத்துவச் செலவா, அழகுச் செலவா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்கைப் பிடிச்சுப் பழக்கமில்லை. அதனால எழுதி வச்சுக்கிட்டு வந்திருக்கேன். இதையேதான் மலரிலும் போடப்போறதாச் சொன்னாங்க.

தலைவி அக்கா என்னைக் கேட்டது, மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைச்சு வந்ததைப் பத்திப் பேசணும்னு. கட்டியை எப்படித் தடவிப் பாக்கணும், எந்த மாதிரி இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு போன கூட்டத்துல நர்சம்மா படம் போட்டே காட்டிட்டாங்க. அதை நான் திரும்பச் சொல்லப்போறதில்லை. அதுக்கு அடுத்த கட்டத்தைச் சொல்றேன். மார்பை எடுத்தாச்சு. அப்புறம் என்ன? அப்படியே விட்டுடறதா, திரும்ப வைக்கிறதா? வைக்கிறதுன்னா எதை எடுத்து வைப்பாங்க? இதைப் பத்தி நம்ம ஊர்ல யாரும் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. மார்புங்கிற வார்த்தையைச் சொல்லவே நமக்குக் கூச்சம். "அந்த இடம்", "நெஞ்சுப்பக்கம்" அப்படின்னுதான் சொல்லுவோம். இன்னைக்கு ஒரு பதினைஞ்சு நிமிஷம் கூச்சத்தை ஓரமா வச்சிருங்க.

எனக்கு 2021 ஜூலையில இடது மார்பை முழுசா எடுத்தாங்க. அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் சேர்த்து எடுத்தாங்க. பிறகு ஆறு மாசம் கீமோ ஊசி. அதுக்கப்புறம் மூணு வாரம் கரண்ட்டு. கதிர்வீச்சைத்தான் நாம கரண்ட்டு வைக்கிறதுன்னு சொல்றோம். 2022 மார்ச்சுல எல்லாம் முடிஞ்சுது. இப்ப தினம் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஒரு தடவை இன்னொரு பக்கத்துக்கு மேமோகிராம் படம். அவ்வளவுதான் நோயோட கதை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எல்லாருக்கும் முழுசா எடுக்கணும்னு இல்லை. ஆரம்பத்திலயே கண்டுபிடிச்சு, கட்டி சின்னதா இருந்தா, கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கரண்ட்டு வச்சாலே போதும். ஆயுசு குறையாது. எனக்கு ரெண்டு இடத்துல இருந்ததால முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, "கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முழுசா எடுத்தா திரும்ப வைக்க வழி இருக்கா? இப்பவே வைக்கிறதா, பிறகா?" இந்த மூணையும் கேட்டுடுங்க. எனக்கு ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரியில திரும்ப வைக்கலாம்ங்கிற பேச்சையே யாரும் எடுக்கலை. கரண்ட்டு வைக்கப் போன இடத்துல பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு பொண்ணு சொல்லித்தான் அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியும்.

எடுத்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல நான் உள்ள வச்சுக்கிட்டது பழைய வேட்டித் துணி. நாலா மடிச்சு ரவிக்கைக்குள்ள வச்சுக்குவேன். குனிஞ்சு கோலம் போட்டா அது கழுத்துக்கு ஏறிடும். பாப்பா பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப, டீச்சர்கிட்டப் பேசிக்கிட்டிருக்கும்போதே துணி தோள்பட்டைக்கு வந்துருச்சு. என் மக பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லாம என் முந்தானையை இழுத்துச் சரி பண்ணி விட்டா. அப்ப அவளுக்குப் பதினோரு வயசு.

துணிக்குப் பதிலா சிலிக்கான்ல செஞ்சது சர்ஜிக்கல் கடையில விக்கிது. ஆயிரக்கணக்குல விலை. வெயில் காலத்துல வேர்த்து ஊத்தும். ஆனா கனம் சரியா இருக்கும். கனம் முக்கியம். ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் இல்லைன்னா கொஞ்ச நாள்ல தோளும் கழுத்தும் வலிக்க ஆரம்பிச்சிடும். நான் வலியை அனுபவிச்சவ.

இனி ஆபரேஷன் விஷயம். ஊர்ல ப்ளாஸ்டிக் சர்ஜரின்னு சொன்னதும், "பக்கெட்டு செய்ற பிளாஸ்டிக்கையா உள்ள வைப்பாக?"ன்னு எங்க பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டாங்க. அப்படி இல்லை. தீக்காயம் பட்டவங்க, விபத்துல முகம் சிதைஞ்சவங்க எல்லாருக்கும் தோல் வச்சுச் சரி பண்றது இந்தப் பிரிவுதான். பெரிய அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. இது பணக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில இதை ஏழைகளுக்கு இலவசமாப் பண்றாங்கன்னு 2018லயே பேப்பர்ல பெருசா வந்துச்சு.

நான் போன இடத்துல டாக்டரம்மா ஒரு தாள்ல படம் வரைஞ்சு காட்டினாங்க. அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கேன்.

ஒரு வழி, சிலிக்கான் பை. சதைக்கு அடியில வச்சுத் தைச்சிடுவாங்க. தோல் பத்தலைன்னா முதல்ல ஒரு பலூன் மாதிரி வச்சு, ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊசியில உப்புத்தண்ணி ஏத்தித் தோலை இழுத்துக் கொடுக்க வச்சு, பிறகு பையை மாத்துவாங்க. இதுல வேற இடத்துல காயம் இல்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம். ஆனா ஆயுசு பூராவும் அந்தப் பை இருக்கும்னு சொல்ல முடியாது. பிறகு ஒருநாள் மாத்த வேண்டி வரலாம். முக்கியமா, கரண்ட்டு வச்ச உடம்புல அந்தப் பையைச் சுத்தி இறுகிப் போறதும் சீழ் பிடிக்கிறதும் அதிகம். என்னோட தோல் கரண்ட்டு வச்ச இடத்துல முருங்கைப் பட்டை மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துட்டு, "உங்களுக்கு நான் இதைச் சிபாரிசு பண்ணமாட்டேன்"னு சொல்லிட்டாங்க. எனக்கு இதைச் சொன்ன அந்தப் பக்கத்து பெஞ்சுப் பொண்ணோட தங்கச்சிக்குக் கரண்ட்டு தேவைப்படலை. எடுத்த அன்னைக்கே பை வச்சுட்டாங்க. நல்லா இருக்கா. அதனால பை மோசம்னு நான் சொன்னதா யாரும் ஊர்ல போய்ச் சொல்லாதீங்க.

அடுத்தது, முதுகு. முதுகுச் சதையைத் தோலோட எடுத்து, ரத்தக்குழாயை அறுக்காம, அக்குள் வழியா முன்பக்கம் திருப்பி வைக்கிறது. நம்பிக்கையான ஆபரேஷன்னு சொன்னாங்க. ஆனா முதுகுல அவ்வளவு சதை இருக்காது, அதனால பல பேருக்குக் கூடவே ஒரு பையும் வைக்கணும். அந்தச் சதைதான் கையை மேலிருந்து கீழே இழுக்கிறதுக்கு வேலை செய்யுது. எடுத்தா அந்த இழுவையில கொஞ்சம் பலம் குறையும். ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்றவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாதாம். நமக்கு? கிணத்துல தண்ணி இறைக்கிறோம். தொரட்டி போட்டு ஆட்டுக்குக் கொழை ஒடிக்கிறோம். எனக்கு ஏற்கெனவே நெறிக்கட்டி எடுத்ததால இடது கை வீங்கும். அந்தத் தோளையே மறுபடியும் தொடுறதான்னு யோசனையா இருந்துச்சு.

மூணாவது, வயிறு. தொப்புளுக்குக் கீழ இருக்கிற தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்புல வைக்கிறது. இதிலேயே ரெண்டு விதம். வயித்துச் சதையையும் சேர்த்து எடுக்கிறது ஒண்ணு. சதையை விட்டுட்டுக் கொழுப்பையும் ரத்தக்குழாயையும் மட்டும் எடுத்து, நெஞ்சுல இருக்கிற ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப்புல பார்த்து இணைக்கிறது இன்னொண்ணு. சதையையும் எடுத்தா வயித்துச் சுவர் பலவீனமாகி, குடல் பிதுங்குற வாய்ப்பு கூட. அதுக்கு வலை வச்சுத் தைப்பாங்க. மைக்ராஸ்கோப்புல பண்றதுக்கு நேரம் ரொம்ப ஆகும், அதுக்குப் பழகின டாக்டர் வேணும். எனக்கு அதைப் புரிஞ்சுக்க லேசா இருந்துச்சு. நாத்தங்கால்லருந்து நாத்தைப் பிடுங்கி வேற வயல்ல நடுறதுதான். வேர் பிடிச்சா பயிர். பிடிக்கலைன்னா காஞ்சு போகும். கொஞ்சப் பேருக்குப் பிடிக்காமலும் போறதுண்டு, அப்ப மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவாங்க, சில சமயம் வச்சதை எடுத்தே ஆகணும், இதையெல்லாம் டாக்டரம்மா ஒளிக்காமச் சொன்னாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை வந்ததே அதனாலதான்.

எனக்கு ரெண்டுமே சிசேரியன். அந்தத் தழும்பு இருக்கே, முடியுமான்னு கேட்டேன். ஸ்கேன் எடுத்து ரத்தக்குழாய் எல்லாம் பார்த்துட்டு முடியும்னாங்க. சிசேரியன் ஆனவங்க, குடும்பக்கட்டுப்பாடு ஆனவங்க, நமக்கு இது ஆகாதுன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. சர்க்கரை இருந்தா கட்டுக்குள்ள கொண்டு வரணும். வெத்தலையோட புகையிலை போடுறவங்க நிறுத்தணும். புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கும், நட்ட நாத்துக்குத் தண்ணி போகாது. நான் தினம் சாப்பிடுற மாத்திரையையும் ரத்தம் உறையக்கூடாதுன்னு சில வாரம் நிறுத்தச் சொன்னாங்க. கேன்சர் டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் நிறுத்தினேன்.

நாலாவது வழி ஒண்ணு இருக்கு. ஒண்ணும் செய்யாம விடுறது. அதையும் டாக்டரம்மா ஒரு வழின்னுதான் எழுதினாங்க. என்கூடக் கீமோ எடுத்த பூக்காரம்மா அந்த வழியைத்தான் எடுத்தாங்க. "ஒரு தடவை கத்தி பட்டது போதும்டி, என் கூடையை எவ தூக்குவா?"ன்னாங்க. உள்ள ஒண்ணும் வைக்காம முந்தானையை இழுத்துச் சொருகிட்டு பஸ்ஸ்டாண்டுல நிக்கிறாங்க. என்னைவிட நல்லாக் குப்புறப்படுத்துத் தூங்குறாங்க. அவங்க முடிவுல எனக்கு ஒரு குறையும் தெரியலை.

நான் ஏன் வேணும்னு நினைச்சேன்? குளிக்கும்போது நானே என் உடம்பைப் பாக்காமத் திரும்பி நின்னு தண்ணி ஊத்துவேன். அது எனக்குப் பிடிக்கலை. என் உடம்புல அந்த இடம் நிறைஞ்சு இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. இதுக்கு மேல காரணம் கேட்டா என்கிட்ட இல்லை.

எங்க அத்தை, அதாவது மாமியார், "ரெண்டு புள்ளை பெத்துப் பாலும் குடுத்தாச்சு. இனி அது யாருக்கு?"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் கொத்தனார். அவர் "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டார். உன் இஷ்டம்னு சொல்றது நல்ல வார்த்தைதான். ஆனா அதுல பாதி, எனக்கு இதுல சம்பந்தமில்லைங்கிற மாதிரியும் கேக்கும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதை வச்சா நோய் திரும்ப வந்தா தெரியாமப் போயிடுமா?" எனக்குத் தோணாத கேள்வி அது. வச்சதால நோய் திரும்ப வராது, வந்தாலும் மறைக்காது, பரிசோதனையை மட்டும் விடாமப் பண்ணணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

இப்ப நம்ம குழு விஷயத்துக்கு வர்றேன். ஆபரேஷனுக்குக் காசில்லை, சரி. காப்பீட்டு அட்டை இருந்தாலும், எது எது அதுல வரும்னு ஆஸ்பத்திரியில இருக்கிற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையில முன்கூட்டியே கேட்டுக்கணும். ஆனா மத்த செலவு யார் குடுப்பா? கூட இருக்கிற ஆளுக்குச் சாப்பாடு, பஸ், வயித்துக்குப் போடுற பெல்ட், அவர் வேலைக்குப் போகாத நாள் கூலி. கணக்குப் போட்டு, 2023 மே மாசக் கூட்டத்துல 30,000 ரூபாய் உள்கடன் கேட்டேன்.

எங்க குழுவுல பன்னிரண்டு பேர். ஒரு அக்கா கேட்டாங்க: "கேன்சருக்குன்னா இருக்கிறதை வழிச்சே குடுத்திருப்போம். குடுத்தோம். இது உயிர் போற விஷயம் இல்லையே. தீர்மானப் புத்தகத்துல என்னன்னு எழுதுறது? அழகுக்குன்னா? நாளைக்கு ஒருத்தி பல்லு கட்டணும்னு வருவா."

அந்த அக்கா மேல எனக்கு இன்னைக்கும் கோபமில்லை. பன்னிரண்டு பேர் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த காசு. கேள்வி கேக்கணும். நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன், அழுகைதான் வந்துச்சு. அப்ப எங்க குழுவுலயே வயசுல மூத்தவங்க, பேசவே மாட்டாங்க, சேமிப்பைக் குடுத்துட்டுக் கைநாட்டு வச்சுட்டுப் போயிடுவாங்க, அவங்க சொன்னாங்க: "எங்க வீட்டு மனுசனுக்குக் காலு போனப்ப இந்தக் குழுவுலதான் கடன் வாங்கி ஜெய்ப்பூர் கால் வைக்கப் போனோம். அழகுக்கான்னு அன்னைக்கு ஒருத்தியும் கேக்கலையே. கால் இல்லாட்டியும் உயிரோடதான் இருந்திருப்பாரு."

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசலை. பிறகு கேள்வி கேட்ட அக்காவே, "எழுதும்மா, மருத்துவச் செலவுன்னு எழுது"ன்னாங்க. எழுதினாங்க. பன்னிரண்டு கையெழுத்து.

அடுத்து வந்ததுதான் பெரிய கேள்வி. ரெண்டு மாசம் குடம் தூக்கக்கூடாது, கனம் எதையும் தூக்கக்கூடாது. வயித்துல இந்த இடுப்புலருந்து அந்த இடுப்பு வரைக்கும் தையல். வீட்ல ஒரு மாடு, ரெண்டு புள்ளைக. இதை யோசிக்காம யாரும் வயித்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீங்க. எங்க குழுவுல முறை போட்டுத் தண்ணி எடுத்து வச்சாங்க. மாட்டை யார் கறந்தா தெரியுமா? "யாருக்கு அது?"ன்னு கேட்ட எங்க அத்தைதான். ரெண்டு மாசமும் கறந்தாங்க. மனசு மாறிட்டாங்களான்னு கேட்டா, இல்லை. கறக்கும்போதும் முணுமுணுத்துக்கிட்டேதான் கறந்தாங்க.

2023 ஜூன்ல ஆபரேஷன் நடந்துச்சு. காலையில உள்ள போனவ, வெளியில வரும்போது இருட்டிடுச்சு. மைக்ராஸ்கோப்புல பண்றதுதான். அன்னைக்கு ராத்திரி மணிக்கொரு தடவை நர்சு வந்து நிறத்தையும் சூட்டையும் பார்த்துட்டுப் போனாங்க. வேர் பிடிச்சிருச்சான்னு பாக்குறது. பிடிச்சிருச்சு. நேரா நிமிர்ந்து நடக்கவே ரெண்டு வாரம் ஆச்சு, தையல் இழுக்கும். கை வீக்கத்துக்கும் உடற்பயிற்சிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தாங்க. அந்தத் திட்டத்துல வீடு வீடா வர்ற தன்னார்வலர்கள்ல நம்ம குழுப் பொண்ணுங்களும் இருக்காங்க, வெளியாள்னு நினைக்காம சொல்லுங்க.

இப்ப எப்படி இருக்குன்னு எல்லாரும் நேராக் கேக்கமாட்டீங்க, ஓரக்கண்ணால பாக்குறீங்க. சொல்லிடறேன். ரெண்டும் ஒரே அளவு இல்லை. தழும்பு இருக்கு. அந்த இடத்துல உணர்ச்சி இல்லை. இதைக் கவனமாக் கேளுங்க, யாராவது பண்ணிக்கிட்டா அடுப்படியில ஜாக்கிரதையா இருக்கணும். கொதிக்கிற பாத்திரம் பட்டாலும் தெரியாது, தோல் கொப்பளிச்ச பிறகுதான் தெரியும். சுடுதண்ணிப் பை வைக்கக்கூடாது. காம்புக்கு இன்னொரு சின்ன ஆபரேஷன் இருக்கு, இல்லைன்னா பச்சை குத்துற மாதிரி நிறம் வைப்பாங்க. நான் வேண்டாம்னு விட்டுட்டேன். எனக்கு இவ்வளவு போதும். குளிக்கும்போது திரும்பி நிக்கிறதில்லை. கோலம் போடும்போது எதுவும் கழுத்துக்கு ஏறுறதில்லை.

அவசரம் எதுவும் இல்லைங்கிறதையும் சொல்லணும். நான் கரண்ட்டு முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான் பண்ணினேன். அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சுப் பண்றவங்களும் உண்டு. நோய்க்கான வைத்தியத்தைத் தள்ளிப்போடக்கூடாது. இதைத் தள்ளிப்போடலாம். நாலு பேர்கிட்டக் கேக்கலாம், வேற டாக்டரைப் பாக்கலாம், வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டு மறுபடி போகலாம். நீங்க என்ன வேலை செய்றீங்கங்கிறதை மட்டும் டாக்டர்கிட்ட விவரமாச் சொல்லுங்க. "வீட்ல சும்மாதான் இருக்கேன்"னு சொல்லாதீங்க. எத்தனை குடம், எத்தனை மாடு, எவ்வளவு தூரம் விறகுக்கட்டுன்னு சொல்லுங்க. நான் சொன்ன பிறகுதான் டாக்டரம்மா முதுகு வழியைத் தாள்ல அடிச்சுட்டு வயித்துக்குக் கீழ கோடு போட்டாங்க.

உள்கடன் 20 தவணை. மாசம் 1,500 அசல், வட்டி தனி. 2025 ஜனவரியில முடிச்சேன். அடுத்த தவணைக் கடன் பல்லு கட்டத்தான் ஒரு தங்கச்சிக்குப் போயிருக்கு. அதுக்கும் அதே அக்காதான் கேள்வி கேட்டாங்க, அதுக்கும் கையெழுத்துப் போட்டாங்க.

கடைசியா ஒரு தகவல். ஆபரேஷன் வேண்டாம்னு இருக்கிறவங்களுக்காக நம்ம தையல் குழுவுல உள்பக்கம் பை வச்ச பாடி தைக்கிறாங்க. உள்ள பருத்திப் பஞ்சு, மேல ஏறாம இருக்க அடியில கொஞ்சம் கனம் வச்சுத் தைச்ச திண்டு. திண்டைத் தனியா எடுத்துத் துவைச்சுக்கலாம். முதல் மாதிரியைப் பூக்காரம்மாதான் போட்டுப் பார்த்தாங்க. "வெயிலுக்கு ஆகாதுடி, ஆனா கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போவேன்"னாங்க. அதனால இப்ப மெல்லிசுத் துணியில இன்னொரு மாதிரி தைக்கிறாங்க. அளவு குடுக்கணும்னா புதன்கிழமை மதியம் தையல் கூடத்துக்கு வாங்க. அந்த நேரத்துல ஆம்பளைங்க யாரும் இருக்கமாட்டாங்க. நானும் அங்கதான் இருப்பேன், டாக்டரம்மா வரைஞ்ச தாளையும் கொண்டு வர்றேன்.